இரண்டு லட்சம் வியூஸ், பதினொரு கிரைண்டர்

காலை ஆறே முக்காலுக்கு வரும் போன் நல்ல சேதியாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கும் அப்படித்தான்.

"தம்பி, எந்திரிச்சாச்சுங்களா?"

"எந்திரிச்சுட்டனுங்ணா. சொல்லுங்க."

"நம்ம வீடியோவ ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்கன்னு பையன் சொன்னானுங்க. சந்தோசம். அதுல கிரைண்டர் எத்தன போச்சுன்னு மட்டும் சொல்லீருங்க."

எனக்குத் தெரியவில்லை. தூக்கக் கலக்கம் என்று சமாளித்து, பத்து மணிக்கு நேரில் வருவதாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பம்ப்செட், கிரைண்டர், பனியன், நாட்டுச் சர்க்கரை என்று கோவை, திருப்பூர் சுற்று வட்டாரத்தில் யார் யாருக்கோ விளம்பர வீடியோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் வியூஸ் எவ்வளவு என்பார்கள். பச்சை அம்புக்குறி மேலே போகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவேன். அவர்கள் அதை ஸ்டேட்டஸில் வைப்பார்கள். பில் பாஸாகிவிடும். கிரைண்டர் எத்தனை போச்சு என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

கணபதி பக்கம் ஒரு சந்துக்குள் அவருடைய பட்டறை. மூன்றாவது தலைமுறை மிஷின்காரர். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு என்பதால், இந்த ஊரில் கிரைண்டர் செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் கெத்து இருக்கும். இவருக்கும் உண்டு. ஆனால் கணக்கு என்று உட்கார்ந்துவிட்டால் கெத்தெல்லாம் கிடையாது. பழைய பில்புக்கைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் எழுத ஆரம்பித்துவிடுவார்.

என் பில் 52,000. நடிக்க வந்த அம்மாவுக்கு 8,000. யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் காசு கட்டி ஓட்டியது 40,000. ஆக ஒரு லட்சம். ஷூட்டிங் அன்று பட்டறை அரை நாள் நின்றது, வீடியோவில் சொன்ன 200 ரூபாய்த் தள்ளுபடி, வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கெல்லாம் ராத்திரி பத்து மணி வரை பதில் போட்ட மருமகளின் நேரம், இதெல்லாமும் செலவுதான். "அதைய அப்பறம் பாத்துக்கலாங்க, இப்பவே தல சுத்துது" என்று ஒதுக்கி வைத்தார்.

அடுத்த வரிதான் முக்கியம். இரண்டு லிட்டர் டேபிள் டாப், விலை 6,500. மோட்டார், கல், டிரம், பாடி, கூலி, வரி, அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் போக அவர் கையில் நிற்பது 1,500. ஒரு லட்சத்தை 1,500-ஆல் வகுத்தார். 66-க்கு மேல் கொஞ்சம் வந்தது.

"அப்ப 67 கிரைண்டர் வித்தாத்தான் போட்ட காசு கைக்கு வரும். அதுக்கு மேல போறதுதான் நமக்கு. செரிங்களா?"

சரிதான். ரொம்பச் சரி. இதைத்தான் மார்க்கெட்டிங் மீட்டிங்குகளில் ஆர்.ஓ.ஐ. என்று ஆங்கிலத்தில் சொல்லி அரை மணி நேரம் பிரசன்டேஷன் போடுகிறோம். கிடைத்த லாபத்திலிருந்து செலவைக் கழித்து, அதைச் செலவால் வகுத்தால் ஆர்.ஓ.ஐ. அவ்வளவுதான் சூத்திரம். எங்கள் ஆட்கள் (நானும் சேர்த்தி) இதில் செய்கிற தில்லுமுல்லு, லாபம் இருக்க வேண்டிய இடத்தில் விற்பனையைத் தூக்கி வைப்பது. 67 கிரைண்டர் விற்றால் விற்பனை 4,35,500. ஒரு லட்சம் போட்டு நாலே கால் லட்சத்துக்கு மேல் வியாபாரம், ஒரு ரூபாய்க்கு நாலு ரூபாய் முப்பத்தஞ்சு காசு என்று ஸ்லைடு போட்டால் மீட்டிங்கில் கைதட்டுவார்கள். ஆனால் 67 கிரைண்டரில் கையில் நிற்பது 1,00,500. செலவு போக மிச்சம் 500 ரூபாய். மூன்று பேர் பிரியாணி சாப்பிட்டால் தீர்ந்துவிடும்.

அந்த வீடியோவுக்கென்றே ஒரு தனி செல்போன் நம்பர் வாங்கி, அதை மட்டும் திரையில் போட்டிருந்தோம். அந்த நம்பருக்கு வந்து விற்பனையில் முடிந்தவற்றை மருமகள் எண்ணிச் சொன்னார்.

பதினொன்று.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. டீ சொன்னார். அந்த டீயைக் குடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

*

அப்படியானால் அந்த இரண்டு லட்சம் பேர் யார்?

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் வியூ என்றால் என்ன என்பதையே ஒழுங்காகப் பார்க்க வேண்டியிருந்தது. யூடியூபில் ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்தில் ஒருவர் 30 விநாடி பார்த்தால் ஒரு வியூ. விளம்பரம் அதைவிடச் சின்னது என்றால் முழுசும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தட்டியிருக்க வேண்டும். ஃபேஸ்புக் விளம்பரத்தில் 3 விநாடி போதும். யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், ஓட ஆரம்பித்தாலே ஒன்று, திரும்ப ஓடினால் இன்னொன்று. சந்தையில் ஒருத்தர் கிலோவில் நிறுக்கிறார், பக்கத்தில் ஒருத்தர் கூறு கட்டி விற்கிறார், மூன்றாவது ஆள் நீங்கள் கூடையைத் திரும்பிப் பார்த்தாலே ஒரு கிலோ என்று எழுதிக்கொள்கிறார். நாங்கள் மூன்றையும் கூட்டி, மொத்தம் இவ்வளவு கிலோ வியாபாரம் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

தராசு வைத்திருப்பவரே தப்பாக நிறுத்த கதையும் உண்டு. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒரு தவறை ஒப்புக்கொண்டது. வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குக் காட்டிய எண், சுமார் இரண்டு வருஷமாக ஊதிப் பெருத்திருந்தது. காரணம் எளிமையானது. பார்த்த மொத்த நேரத்தைப் பார்த்த எல்லோராலும் வகுக்க வேண்டும். அவர்கள் 3 விநாடியாவது பார்த்தவர்களால் மட்டும் வகுத்தார்கள். ஒரு விநாடியில் தள்ளிவிட்டுப் போன ஜனம் முழுக்கக் கணக்கிலேயே இல்லை. பந்தியில் பாதியில் எழுந்து போனவர்களை விட்டுவிட்டு, கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்களை வைத்துச் சராசரி சாப்பாட்டைக் கணக்கிட்ட மாதிரி. 60 முதல் 80 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டியிருக்கலாம் என்று பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார்கள். விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டு, 2019-ல் 4 கோடி டாலருக்கு சமரசமானது. ஃபேஸ்புக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே முடித்துக்கொண்டது, அது வழக்கம்தான்.

சரி, ஊரான் கதை போதும். என் வீடியோவின் கிராஃபைத் திறந்தேன். யூடியூப் ஸ்டுடியோவில், எந்த விநாடியில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று ஒரு கோடு காட்டும். என் கோடு முதல் பன்னிரண்டு விநாடியில் கிணற்றுக்குள் போட்ட கல் மாதிரி இறங்கியிருந்தது. அந்தப் பன்னிரண்டு விநாடி என்ன தெரியுமா? என் ட்ரோன் ஷாட். விடியற்காலையில் மருதமலை, மேலே பனி, கேமரா அப்படியே மெதுவாகச் சுற்றி வரும். அந்த ஷாட்டுக்காக இரண்டு நாள் காலை நாலு மணிக்கு எழுந்தேன். என் வாழ்நாளில் எடுத்த நல்ல ஷாட்களில் அது ஒன்று என்று இப்போதும் சொல்வேன். ஆனால் மாவு அரைக்க மிஷின் தேடுகிற அம்மாவுக்கு மருதமலை எதற்கு? கிரைண்டர் முதல் தடவை திரையில் தெரிவதே பதினான்காவது விநாடியில்தான். அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள்.

விளம்பரம் எங்கெங்கே ஓடியது என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. ராசிபலன் சேனல், மொபைல் விளையாட்டு ஆப், பழைய காமெடி சீன் தொகுப்புகள். மலிவான வியூஸ் எங்கே கிடைக்குமோ அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. தப்பு மிஷின் மேல் இல்லை. நான்தான் "வியூஸ் வேணும்" என்று அதனிடம் கேட்டிருந்தேன். கேட்டதைக் கொடுத்துவிட்டது.

*

அண்ணனுடைய மகன் எம்.பி.ஏ. படித்தவர். என் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு அப்பாவிடம் ஒரு கதை சொன்னார். நிஜக் கதைதான். 2012 மார்ச்சில் அமெரிக்காவில் டாலர் ஷேவ் கிளப் என்ற சவர பிளேடு கம்பெனி ஒரு வீடியோ போட்டது. செலவு சுமார் 4,500 டாலர். கம்பெனி நிறுவனர் மைக்கேல் டூபினே நடந்துகொண்டே பேசுவார், நடுநடுவே கெட்ட வார்த்தை வரும். வெப்சைட் படுத்துவிட்டது. 48 மணி நேரத்தில் 12,000 ஆர்டர். நாலு வருஷம் கழித்து யூனிலீவர் அந்தக் கம்பெனியையே நூறு கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது.

"பாருங்கப்பா, ஒரே ஒரு வீடியோ."

அண்ணன் கேட்டார்: "அந்த பிளேட மாசாமாசம் வாங்கோணுமா?"

"ஆமா, சப்ஸ்கிரிப்ஷன்."

"நம்ம கிரைண்டர ஒருக்கா வாங்குனா பதினஞ்சு வருசம் ஓடும் கண்ணு."

நான் எத்தனையோ மார்க்கெட்டிங் புத்தகம் புரட்டியிருக்கிறேன். வாடிக்கையாளரின் ஆயுள்கால மதிப்பு என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. பிளேடு வாங்க வந்தவர் ஒரு வருஷம் தங்கினால் பன்னிரண்டு தடவை காசு தருவார். அதனால் அவரைப் பிடிக்க முதல் மாதம் நஷ்டப்பட்டாலும் தாங்கும். கிரைண்டர் வாங்கினவர் அடுத்து வருவது மகள் கல்யாணத்துக்குச் சீர் வாங்கத்தான். அந்த ஒரே விற்பனையிலேயே வீடியோ செலவு கழிந்தாக வேண்டும். இதற்கு மேல், 2011-ல் ஜெயலலிதா அரசு ரேஷன் அட்டைக்காரர்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்த பிறகு, கிரைண்டரையே பார்க்காத வீடு என்று தமிழ்நாட்டில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். பழசு ஓய்ந்தால்தான் புதுசு. அவசரமே இல்லாத சரக்கு இது.

டாலர் ஷேவ் கிளப்பின் பின்கதையை மகன் சொல்லவில்லை, நானும் அப்போது சொல்லவில்லை. 2023-ல் யூனிலீவர் அதன் பெரும்பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்த வீடியோவின் வருமானம் என்ன என்று கேட்டால், எந்த வருஷத்தில் நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

*

தீபாவளி வந்தது. தனி நம்பரில் வந்த ஆர்டர் இருபத்தொன்பது வரை ஏறியது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. 67 இல்லை, ஆனாலும் பதினொன்றும் இல்லை.

அது மட்டுமில்லை, நம்பரில் வராமல் வீடியோவால் வந்தவர்களும் இருப்பார்களே என்று வாதாடினேன். உண்மைதான், இருப்பார்கள். வீடியோவை மதுரையில் பார்த்துவிட்டு, போன் செய்யாமல் நேரே கடைக்குப் போகிறவர்தான் அதிகம். அதனால் வாரண்டி கார்டில் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று ஒரு வரி சேர்த்தோம். திரும்பி வந்த கார்டுகளை மருமகள் பிரித்து வைத்தார். வேடிக்கை என்னவென்றால், நாங்கள் விளம்பரமே கொடுக்காத டிவி சேனல் ஒன்றில் பார்த்ததாக ஆறு பேர் எழுதியிருந்தார்கள். "யூடியூப்" என்று எழுதிய ஒருவரிடம் போனில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், அவர் பார்த்தது வேறொரு கம்பெனி கிரைண்டரை! எங்கள் வீடியோவில் நடித்த அம்மாவையே பக்கத்து வீட்டில் பார்த்த மாதிரி வர்ணித்த ஒருத்தர், "நாத்தனார் சொன்னாங்க" என்று எழுதியிருந்தார். மனுஷர்கள் பொய் சொல்வதில்லை. எதனால் வாங்கினோம் என்பது அவர்களுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது, இந்த லேப்டாப்பை நான் எதைப் பார்த்து வாங்கினேன் என்று கேட்டால் முழிப்பேன்.

கூட்டிக் கழித்து, வீடியோவால் ஐம்பது அறுபது போயிருக்கும் என்று ஒரு கணக்கைக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணன் பேப்பரை முழுசாகப் படித்தார்.

"தம்பி, தீபாவளிக்கு எனக்கு எப்பவுமே போகுமுங்க. வீடியோ இல்லாத வருசமும் போச்சு. இதுல வீடியோ பாக்காட்டியும் வந்துருப்பாங்கங்கறது எத்தன பேரு?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். வீடியோ பார்த்தவர் வாங்கினார் என்பது வேறு, வீடியோவால் வாங்கினார் என்பது வேறு. மழை பெய்கிறபோது எல்லோர் கையிலும் குடை இருக்கிறது. குடை விரித்ததால் மழை வந்தது என்று யாரும் சொல்வதில்லை, விளம்பரக்காரர்களைத் தவிர.

இதில் பெரிய கம்பெனிகளே வழுக்கி விழுந்திருக்கின்றன. ஓல்டு ஸ்பைஸ் 2010-ல் போட்ட வீடியோக்கள் உலகம் முழுக்கப் பிரபலம். விற்பனை இரட்டிப்பானது என்றார்கள். அதே சமயத்தில் தள்ளுபடிக் கூப்பன்களும் ஓடிக்கொண்டிருந்தன, அதில் கூப்பன் பங்கு எவ்வளவு, வீடியோ பங்கு எவ்வளவு என்று அப்போதே சண்டை நடந்தது. ஈபே விவகாரம் இன்னும் சுவாரசியம். அது வீடியோ இல்லை, தேடல் விளம்பரம். ஈபே என்று பெயரையே தட்டித் தேடுகிறவர்களுக்கு முன்னால் விளம்பரம் காட்ட அவர்கள் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். 2012-ல் அதை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரத்தின் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர் கீழே இருந்த இலவச லிங்கைத் தட்டி அப்படியே உள்ளே வந்துவிட்டார்கள். இதைச் செய்த பொருளாதார நிபுணர்களின் ஆய்வு 2015-ல் எக்கனாமெட்ரிகா இதழில் வந்தது.

இதைப் படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. ஏனென்றால் எங்கள் ரிப்போர்ட்டிலும், இருப்பதிலேயே நல்ல வருமானம் காட்டியது கம்பெனி பெயரைத் தேடியவர்களுக்குக் காட்டிய விளம்பரம்தான். மகன் அதைப் பெருமையாக ஃபிரேம் போடாத குறை. ஒரு மாதம் நிறுத்தினோம். வருகிற போன் எண்ணிக்கை அசையவே இல்லை. நம் வீட்டுக்கு வழி கேட்டு வந்துகொண்டிருந்தவனை, தெருமுனையில் நின்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து கூலி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது அந்த விளம்பரம்.

*

தை பிறந்ததும் ஒரு சோதனை செய்தோம். என் தொழில் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டீலர்கள் உள்ள ஊர்களை ஜோடி சேர்த்தோம். போன வருஷம் ஏறக்குறைய ஒரே அளவு சரக்கு எடுத்த ஊர்கள் ஒரு ஜோடி. மதுரைக்குத் திருச்சி, திருநெல்வேலிக்குச் சேலம், தஞ்சாவூருக்கு வேலூர். ஒவ்வொரு ஜோடிக்கும் அண்ணன் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டினார். பூ விழுந்த ஊரில் ஆறு வாரம் வீடியோ ஓடும், தலை விழுந்த ஊரில் ஓடாது. யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் ஊர் வாரியாக விளம்பரத்தை நிறுத்தவும் ஓட்டவும் முடியும், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. காசு சுண்டுவது விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் நாமாகத் தேர்ந்தெடுத்தால் நம்மை அறியாமலே நன்றாகப் போகிற ஊரில்தான் வீடியோவை ஓட்டுவோம். நான் கட்டாயம் மதுரையை எடுத்திருப்பேன். காசு திருச்சியை எடுத்தது.

ட்ரோன் ஷாட்டை வெட்டி எறிந்துவிட்டு, முதல் விநாடியிலேயே மாவு பொங்கி வழிகிற மாதிரி புதிதாக எடிட் செய்தேன். ஆறு வாரத்துக்கு விளம்பரச் செலவு 18,000.

முடிவு இது. வீடியோ ஓடாத மூன்று ஊர்களில், போன வருஷம் இதே ஆறு வாரத்தில் 109 போயிருந்தது, இந்த வருஷம் 118. வீடியோ ஓடிய ஊர்களில் போன வருஷம் 112, இந்த வருஷம் 131. வீடியோ இல்லாமலே ஊர் பொதுவாக ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்தை இங்கேயும் வைத்துப் பார்த்தால் 121 தானாகவே போயிருக்கும். ஆக வீடியோவின் பங்கு பத்து கிரைண்டர். டீலர் கமிஷன் போக ஒன்றுக்கு 1,100 என்றால் 11,000. செலவு 18,000.

கையைக் கடித்துவிட்டது. ஆனால் முதல் தடவை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இல்லை, எவ்வளவு கடித்தது என்று தெரிந்தது.

இந்தப் பத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாராவது ஒரு கல்யாண வீட்டார் சீர்வரிசைக்கு ஐந்து கிரைண்டர் மொத்தமாக எடுத்தால் கணக்கு தலைகீழ். ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பெரிய கம்பெனிகள் செய்த 25 விளம்பரச் சோதனைகளைப் பிரித்துப் போட்டு 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லட்சக்கணக்கில் ஆட்களை வைத்துச் சோதித்தாலும், விளம்பரத்தால் லாபமா நஷ்டமா என்று அறுதியிட்டுச் சொல்வது பல நேரங்களில் முடியாமல் போகிறது என்பது அதன் சாரம். ஒவ்வொரு மனுஷனின் வாங்கலும் அவ்வளவு மேலும் கீழும் ஆடும், விளம்பரத்தின் விளைவு அதில் அவ்வளவு சின்னது. அவர்களுக்கே அப்படி என்றால், ஆறு ஊரும் ஒரு ரூபாய்க் காசும் வைத்துக்கொண்டு நாங்கள் ரொம்ப அலட்டிக்கொள்ளக் கூடாது. அடுத்த ஜோடி, அடுத்த சீசன் என்று திரும்பத் திரும்பச் சுண்டினால்தான் ஓரளவுக்குப் பிடிபடும்.

ஆறு வாரக் கணக்கு வீடியோவுக்கு நியாயம் செய்யாது என்று ஒரு கட்சி உண்டு. நானும் பாதி அந்தக் கட்சிதான். லெஜண்ட் சரவணன் தன் கடை விளம்பரத்தில் தமன்னா, ஹன்சிகாவோடு வந்து நின்றபோது ஊரே கிண்டல் செய்தது. மீம் போடாத ஆள் இல்லை. அந்த மீம்களில் எத்தனை புடவை விற்றது என்று எந்தக் கணக்குப்பிள்ளையாலும் சொல்ல முடியாது. ஆனால் தி.நகரில் அந்தப் பெயரை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. மனதில் போய் உட்காருவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

அதை அளக்க எங்களுக்கு ஒரு வழி சொன்னவர் மதுரை டீலர். கடைக்கு வருகிறவர்கள் இரண்டு ரகம் என்றார். ஒன்று, "நல்லதா ஒண்ணு காட்டுங்கண்ணே." இன்னொன்று, பெயர் சொல்லிக் கேட்பது. கல்லாப் பக்கத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, பெயர் சொன்னால் ஒரு கோடு, சொல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு கோடு. பெரிய கம்பெனிகள் லட்சம் லட்சமாகக் கொடுத்து பிராண்ட் சர்வே எடுப்பது இதைத்தான். எங்களுக்கு ஒரு சாக்பீஸ் செலவு. மதுரைக்காரர் ஒழுங்காகக் கோடு போடுகிறாரா என்பதற்கு மட்டும் நான் உத்தரவாதம் இல்லை.

*

இனிமேல் சொல்லப்போவதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

பட்டறையில் முப்பது வருஷமாக சர்வீஸ் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் மாமாதான். ஒருநாள் யாரோ ஒரு அம்மா போனில் "டிரம் சுத்தலைங்க" என்று அழாத குறையாகச் சொல்ல, மாமா வாயால் விளக்கி அலுத்துப்போய், மருமகளின் போனை வாங்கி ஒரு வீடியோ எடுத்தார். பெல்ட் தளர்ந்திருந்தால் எப்படி இறுக்குவது, மாவு காய்ந்து கீழே ஒட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது, கல் ஏன் கத்துகிறது. "தண்ணி ஊத்தாம ஓட்டுனா கத்தாம பாடுமாம்மா?" என்று நடுவில் ஒரு திட்டு. ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் போன். படம் ஆடும். நாலு நிமிஷம். பின்னால் லேத் சத்தம். நான் இருந்திருந்தால் அதை வெளியே விட்டிருக்கவே மாட்டேன்.

மருமகள் அதை யூடியூபில் ஏற்றி, கம்ப்ளெயின்ட் என்று வாட்ஸ்அப்பில் வருகிற எல்லோருக்கும் லிங்கை அனுப்ப ஆரம்பித்தார். மொத்தம் நாலாயிரம் வியூஸ்கூட இல்லை.

மூன்று மாதம் கழித்து அண்ணன் கம்ப்ளெயின்ட் நோட்டைத் தூக்கி என் முன்னால் போட்டார். முன்பெல்லாம் மாமா மாதத்துக்கு 38 வீடு போய்க்கொண்டிருந்தார். இப்போது 21. ஒரு நடைக்குப் பெட்ரோலும் கூலியும் 300 ரூபாய். மாதம் 5,100 மிச்சம், வருஷத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல். செலவு? மாமாவுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு செட் பஜ்ஜி.

"இதுவும் வருமானந்தானுங்களே தம்பி?"

வருமானம்தான். விற்பனைப் பக்கத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில், செலவுப் பக்கத்தில் ஒரு வீடியோ சம்பாதித்துக் கொடுத்ததை நான் கவனிக்கவே இல்லை. ஆனால் பொறாமையில் என்று வையுங்கள், தொழில் தர்மம் என்று வையுங்கள், அவர் கேட்ட கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டேன்: வீடியோ இல்லாவிட்டாலும் இது குறைந்திருக்குமோ? மழைக்காலத்தில் கம்ப்ளெயின்ட் கூடும், வெயிலில் குறையும் என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். அண்ணன் யோசித்தார். போன வருஷ நோட்டை எடுத்துவரச் சொன்னார். அதே மூன்று மாதத்தில் போன வருஷம் 36, 39, 37. மாமா ஜெயித்தார்.

இன்னொன்றும் நடந்தது. அந்த ஆடுகிற வீடியோவின் கீழே அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர், 110 வோல்ட் மாடல் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். மருதமலை ஷாட்டைப் பார்த்த இரண்டு லட்சம் பேரில் ஒருவரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேரை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, தெரியும். அண்ணன் மட்டும் மோட்டார்க்காரருக்குப் போன் போட்டு விலை விசாரித்துவிட்டார்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை காலை எட்டு மணி, முன்னேற்றம்தான். மாமாவை வைத்து ஆறு வீடியோ எடுக்க வேண்டும்: முதல் தடவை கல் கழுவுவது, தேங்காய்த் துருவி மாட்டுவது, பெல்ட் மாற்றுவது, இப்படி. ட்ரோன் வேண்டாம், வெளிச்சமும் மைக்கும் மட்டும் நான் பார்த்துக்கொண்டால் போதும், மாமா திட்டுவதை மட்டும் வெட்டக் கூடாது.

15,000 கேட்கலாம் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அண்ணன் நோட்டைத் திறந்தார். செலவு என்ற தலைப்பின் கீழே என் பெயருக்கு நேராக 12,000 என்று எழுதி, பக்கத்தில் "40 நடை" என்று போட்டு, வட்டமும் கட்டி வைத்திருந்தார்.